நண்பர்களோடு ஐஸ் ஹாக்கி: முதல் அடியிலிருந்து முதல் ஆட்டம் வரை

நாங்கள் ஏழு பேர். எல்லோரும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறோம், எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் ஒருவரும் ஐஸில் கால் வைத்ததில்லை. முதல் குளிர்காலத்தில் ஆளுக்கொரு ஸ்டிக் வாங்கிக்கொண்டு நேராக ரிங்க்கில், அதாவது ஸ்கேட் செய்யும் ஐஸ் தளத்தில், இறங்கினோம். இரண்டாவது வாரத்தில் ஒரு நண்பருக்கு மணிக்கட்டு முறிந்தது. மூன்றாவது வாரம் மூன்று பேர்தான் வந்தார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் முறையை மாற்றினோம். அதற்குப் பிறகு புதிதாக இரண்டு குழுக்களைக் கூட்டிக்கொண்டு போய் முதல் ஆட்டம் வரை கொண்டுவந்திருக்கிறேன். புதியவர்கள் தடுக்குவது ஏறக்குறைய எப்போதும் ஒரே இடத்தில்தான்: நிற்கத் தெரியாமல் ஓடப் பார்க்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் ஆள், அப்புறம் நாள்

ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை சேருங்கள். எட்டுப் பேர் இருந்தால் இரண்டு பேர் வராத நாளிலும் மூன்றுக்கு மூன்று என்று ஆடலாம். நான்கு பேரோடு தொடங்கினால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே அந்த வாரம் போய்விடும்.

எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பது நல்லது. நன்றாக ஆடத் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் உதவிதான். ஆனால் அவர் ஆட வராமல், சொல்லிக்கொடுக்க வந்தவராக இருக்க வேண்டும். மூன்று பேர் தெரிந்தவர்கள், மூன்று பேர் தெரியாதவர்கள் என்றால் தெரியாதவர்கள் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

டொராண்டோ மாநகராட்சியின் வெளிப்புற ரிங்க்குகள் நவம்பர் கடைசியில் திறந்து மார்ச் வரை இருக்கும். ஸ்கேட் செய்யக் கட்டணம் இல்லை. ஸ்கார்பரோ சிவிக் சென்டர் பக்கத்தில் இருக்கும் ஆல்பர்ட் கேம்ப்பெல் சதுக்க ரிங்க்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். பொது ஸ்கேட்டிங் நேரத்தில் ஸ்டிக்குக்கு அனுமதி கிடையாது. முதல் சில வாரங்களுக்கு நமக்கு வேண்டியதும் அதுதான்.

வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் வேண்டாம். இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடை தளர்ந்து முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும். விழுவதும் தப்பான பழக்கம் ஒட்டிக்கொள்வதும் அந்த நேரத்தில்தான்.

2. ஸ்கேட்ஸ்: காசு செலவழிக்க வேண்டிய முக்கிய இடம்

ஹெல்மெட் தவிர மற்ற எல்லாவற்றையும் பழையதாக வாங்கலாம், இரவல் வாங்கலாம். ஸ்கேட்ஸ் மட்டும் உங்கள் காலுக்குப் பார்த்து எடுத்ததாக இருக்கட்டும். புதிதாகத்தான் வேண்டும் என்று இல்லை, அளவு சரியாக இருந்தால் போதும்.

நம் ஆட்கள் செய்கிற முதல் தப்பு இங்கேதான். சப்பாத்து வாங்குகிற மாதிரி விரல் விளையாட இடம் பார்த்து, கொஞ்சம் பெரிதாக எடுப்பார்கள். ஹாக்கி ஸ்கேட்ஸ் பொதுவாக நீங்கள் போடும் ஷூவைவிட ஒன்று முதல் ஒன்றரை அளவு சின்னதாக இருக்கும். எனக்கு முதலில் ஒரு கடையில் ஷூ அளவையே கொடுத்தார்கள். ஒரு மாதம் முழுக்கக் கணுக்கால் உள்பக்கம் மடிந்துகொண்டே இருந்தது. என் காலில் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அளவை மாற்றிய அன்றே கால் நேராக நின்றது.

அளவு பார்ப்பது இப்படி. ஸ்கேட்ஸுக்குள் காலை விட்டு, குதிகாலைப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டி, நாடாவை இறுக்கிக் கட்டி எழுந்து நில்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் குதிகால் பின்னுக்குப் போய், விரல் கொஞ்சம் விலக வேண்டும். விலகவே இல்லையென்றால் சின்னது. நிமிர்ந்து நின்றும் தொடவில்லையென்றால் பெரிது.

ஒரே ஒரு மெல்லிய காலுறை போதும். குளிருக்குப் பயந்து இரண்டு கம்பளிக் காலுறை போட்டால் கால் நெருக்கப்பட்டு ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும்.

அடுத்தது சாணை. புது ஸ்கேட்ஸ் பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும். அப்படியே ஐஸில் இறங்கினால் எண்ணெய் கொட்டிய தரையில் நிற்பது போல வழுக்கும். பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது, நடுவில் குழிந்து இரண்டு ஓரத்திலும் இரண்டு விளிம்பு இருக்கும். அந்தக் குழிவு எவ்வளவு பெரிய வட்டத்தின் வளைவு என்பதை, அதாவது அதன் ஆரத்தைத்தான் கடைக்காரர் கேட்பார். அரை அங்குலம் என்பது பரவலான அளவு. எடை கூடிய பெரியவர்கள் 5/8 அங்குலம் கேளுங்கள். எண் கூடினால் குழிவு குறையும், பிளேடு ஐஸைக் கடிப்பதும் குறையும். நிற்பதற்கு பிளேடு பக்கவாட்டில் வழுக்கியாக வேண்டும் என்பதால் புதியவருக்கு இது எளிது. சாணை இருக்கிறதா என்று பார்க்க, நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுங்கள். விளிம்பு நகத்தைப் பொடியாகச் சீவ வேண்டும்.

நாடா கட்டுவதில் ஒன்று மட்டும்: விரல் பக்கம் தளர்வாக, பாத வளைவிலிருந்து கணுக்கால் வரை இறுக்கமாக. மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கமாகக் கட்டினால் பத்தாவது நிமிடத்தில் பாதம் வலிக்கத் தொடங்கும்.

3. மற்ற கவசங்கள், போடும் வரிசை

முதல் நாளிலிருந்தே ஹெல்மெட், கையுறை, முழங்கை பேட், முழங்காலையும் சேர்த்து மூடும் ஷின் பேட் ஆகியவை வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் உதவாது. ஐஸில் பின்பக்கம் விழுவதுதான் அதிகம், ஹாக்கி ஹெல்மெட் பின்தலையையும் நன்றாக மூடும். கனடாவில் வாங்கினால் சி.எஸ்.ஏ. என்ற கனடியத் தர அமைப்பின் முத்திரை பாருங்கள். முகத்துக்குக் கம்பிக்கூண்டு வைத்ததையே வாங்குங்கள்.

ஸ்டிக் எடுக்கும் கட்டம் வரும்போது மீதியைச் சேருங்கள்: தோள் பேட், பஞ்சு வைத்த ஹாக்கி பேண்ட், இடுப்புக் கீழ்க் கவசம், கழுத்துக் கவசம். ‘பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ்’ போன்ற பழைய சாமான் கடைகளில் இவை பாதி விலைக்குக் கூடக் கிடைக்கும். பழையதை வாங்கக் கூடாத ஒன்று ஹெல்மெட். உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது.

கழுத்துக் கவசத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் ஆடம் ஜான்சன் என்ற தொழில்முறை வீரர் கழுத்தில் ஸ்கேட் பிளேடு வெட்டி இறந்துபோனார். அவ்வளவு தேர்ந்தவர்கள் ஆடும் இடத்திலேயே அது நடந்தது. ஒருவர்மேல் ஒருவர் விழும் புதியவர்கள் அது இல்லாமல் இறங்கக் கூடாது. எங்கள் குழுவில் இது இல்லாதவருக்கு அன்று ஆட்டம் இல்லை.

போடும் வரிசையும் முக்கியம். இடுப்புக் கவசம், ஷின் பேட், அதன்மேல் நீளக் காலுறை, பேண்ட், அப்புறம் ஸ்கேட்ஸ். அதற்குப் பிறகுதான் தோள், முழங்கை, கழுத்து, ஜெர்சி, ஹெல்மெட், கடைசியில் கையுறை. தோள் பேடை முதலில் மாட்டிவிட்டால் குனிந்து ஸ்கேட்ஸ் நாடா கட்ட முடியாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குகிறவரை ஒவ்வொரு குழுவிலும் பார்த்திருக்கிறேன்.

4. ஸ்டிக் இல்லாத நான்கு வாரம்

முழு வழிகாட்டியும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதன்மேல் கட்டுவது.

விழுவது. முதல் நாள் முதல் பத்து நிமிடம், எல்லோரும் வேண்டுமென்றே விழுந்து பழகுங்கள். முழங்காலை மடித்து உயரத்தைக் குறைத்து, பக்கவாட்டில் இடுப்பும் தொடையும் படுகிற மாதிரி சாயுங்கள். கையை நீட்டி ஊன்றாதீர்கள், எங்கள் நண்பரின் மணிக்கட்டு முறிந்தது அப்படித்தான். விழுந்ததும் விரல்களை முஷ்டியாக மடக்கிக்கொள்ளுங்கள், பக்கத்தில் பிளேடுகள் போய்க்கொண்டிருக்கும்.

எழுவது. முதலில் மண்டி போடுங்கள். ஒரு காலை முன்னால் ஊன்றி, இரண்டு கையையும் அந்த முழங்கால்மேல் வைத்து அழுத்தி எழுந்திருங்கள். சுவரைப் பிடித்து எழுந்து பழகினால் ரிங்க்கின் நடுவில் விழும் நாளில் எழ முடியாது.

நிற்பது. நாற்காலியில் உட்காரப் போய்ப் பாதியில் நின்றுவிட்ட மாதிரி. கால்கள் தோள் அகலம், முழங்கால் மடிந்து, நெஞ்சு நிமிர்ந்து. எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ரிங்க் முழுக்கக் கேட்கும்படி ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்: “மச்சான், முழங்காலை மடி, முதுகை வளைக்காத!” புதியவர் பயம் வந்ததும் இடுப்பில் குனிவார். முழங்கால் நேராகவே இருக்கும், தலை முன்னால் போகும். பிளேடு அடியில் லேசாக வளைந்திருப்பதால் எடை முன்னோ பின்னோ போன உடனே ஆளும் போய்விடுவார்.

தள்ளுவது. நடப்பது போலப் பின்னோக்கித் தள்ளக் கூடாது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஹாக்கி ஸ்கேட்ஸின் முனையில் பல் கிடையாது, விரல் நுனியால் உந்தினால் கால் பின்னால் நழுவி முகம் குப்புற விழுவீர்கள். உள்விளிம்பால் ஐஸை அழுத்தி வெளியே தள்ளி, அந்தக் காலை மறுபடி உடம்புக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஒரு தள்ளலுக்குப் பிறகு அவசரப்படாமல் வழுக்கிப் போங்கள். பத்துச் சின்னத் தள்ளலைவிட மூன்று நீளமான தள்ளல் உங்களை வேகமாகக் கொண்டுபோகும்.

நிறுத்துவது. இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். மெதுவாக வழுக்கிக்கொண்டு வந்து, கால்களை அகட்டி, விரல்களை உள்நோக்கித் திருப்பி, குதிகால்களை வெளிப்பக்கம் அழுத்துங்கள். பிளேடு ஐஸைச் சுரண்டும், சர்ரென்று சத்தம் வரும், காலடியில் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைப் பொடி குவியும். அந்தப் பொடியைப் பார்த்தால்தான் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பொடி வராமல் கால் மட்டும் விரிந்துகொண்டே போனால், பிளேடை அதிகமாகச் சாய்த்துவிட்டீர்கள். கணுக்காலைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.

முதலில் ஒரு காலால் மட்டும் சுரண்டிப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து வர நாளாகும். இரண்டு காலையும் ஒரே பக்கம் குறுக்கே திருப்பி நிற்கும் ஹாக்கி ஸ்டாப் இதற்குப் பிறகு தானே வரும். முதல் ஆட்டத்துக்கு அது கட்டாயமில்லை.

நிறுத்தத் தெரியாதவர் சுவரில் மோதி நிற்பார். ஆட்டத்தில் சுவருக்குப் பதில் அங்கே இன்னொரு நண்பர் இருப்பார்.

ஸ்டிக் தொடலாமா என்று தெரிந்துகொள்ள நாங்கள் வைத்திருக்கும் சோதனை: ஒவ்வொரு காலிலும் தனியாக ஐந்து எண்ணும் வரை வழுக்க வேண்டும், இடப்பக்கமும் வலப்பக்கமும் வளைய வேண்டும், நடுத்தர வேகத்தில் வந்து உங்கள் உயரத்தின் நீளத்துக்குள் நிற்க வேண்டும், சுவரைத் தொடாமல் எழ வேண்டும். யாராவது ஒருவர் தேறவில்லையென்றால் எல்லோரும் இன்னொரு வாரம் காத்திருப்போம். அப்படிக் காத்திருந்த குழுவில்தான் ஒருவரும் நின்றுபோகவில்லை.

5. அதே வாரங்களில், வீட்டில் ஸ்டிக்

ஐஸில் ஸ்டிக் இல்லை என்றேன், தொடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நான்கு வாரமும் கராஜிலோ பேஸ்மெண்டிலோ சாதாரண ஷூவோடு பழகுங்கள். கால் நிலையாக இருக்கும்போது கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

எந்தக் கை ஸ்டிக் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இடது ஸ்டிக் என்றால் இடது கை கீழே, வலது கை மேலே. வலது ஸ்டிக் இதற்கு நேர் எதிர். கனடாவில் வலக்கைக்காரர்கள் பலர் இடது ஸ்டிக்தான் பிடிப்பார்கள், பலமான கை மேலே இருந்து ஸ்டிக்கை ஆளும் என்பதால். ஆனால் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நம் வலக்கை மட்டையாளருக்கு இடது கை மேலே, வலது கை கீழே என்பதுதான் பழக்கம். கோவில்பட்டிப் பக்கம் புல்தரை ஹாக்கி ஆடியவர்களுக்கும் அப்படியே, அங்கே எல்லோருக்கும் இடது கைதான் மேலே. இரண்டும் தப்பில்லை. கடையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துத் தரையைத் தள்ளச் சொன்னால் கை தானாக எங்கே போகிறதோ அதை எடுங்கள்.

நீளம்: ஸ்கேட்ஸ் இல்லாமல் நின்றால் மூக்கு வரை, ஸ்கேட்ஸ் போட்டு நின்றால் தாடை வரை. வளைவுத்திறனுக்கு ஸ்டிக்கில் ஓர் எண் இருக்கும், அதை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அது. உங்கள் எடையைப் பவுண்டில் எடுத்துப் பாதியாக்குங்கள். எனக்கு 68 கிலோ, அதாவது 150 பவுண்டு, அதனால் 75. விறைப்பான ஸ்டிக் வாங்கினால் பக் (ஐஸில் பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு) எழும்பாது. ஸ்டிக்கை வெட்டிச் சின்னதாக்கினால் அது இன்னும் விறைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பயிற்சிக்குக் கோல்ஃப் பந்து போதும். மேல் கை ஸ்டிக்கைத் திருப்பும், கீழ்க்கை குழாய் மாதிரி தளர்வாக இருக்கும். பந்தை இடமும் வலமும் மணிக்கட்டைச் சுழற்றித் தள்ளுங்கள். புல்தரை ஹாக்கி போல இல்லாமல், இங்கே ஸ்டிக்கின் பிளேடு, அதாவது கீழ்முனைத் தட்டையான பகுதி, இரண்டு பக்கமும் உங்களுக்குத்தான்.

கொஞ்சம் கை வந்ததும் எதிரே ஒரு நண்பரை நிறுத்தி விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். பந்தைத் தள்ளிக்கொண்டே “மூன்று, ஒன்று, நான்கு” என்று நீங்கள் சொல்ல வேண்டும். தலை குனிந்து ஆடுகிறவர்தான் ஐஸில் மற்றவர்மேல் மோதுவார். அந்தப் பழக்கத்தை ஐஸுக்குப் போவதற்கு முன்பே உடைத்துவிடுங்கள்.

6. ஸ்டிக்கோடு ஐஸில் இறங்கும் நாள்

இனி வேண்டியது ஷின்னி நேரம், அதாவது ரிங்க்கில் ஹாக்கிக்கு என்று ஒதுக்கிய நேரம். உள்ளரங்குகளில் ‘ஸ்டிக் அண்ட் பக்’ என்ற பயிற்சி நேரமும் உண்டு. பல வெளிப்புற ரிங்க்குகளில் ஷின்னியை வயது வாரியாகப் பிரித்திருப்பார்கள், பார்த்துப் போங்கள்.

முதல் நாள் பக் வேண்டாம். ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டே பழைய பயிற்சிகள் எல்லாவற்றையும் செய்யுங்கள். ஸ்டிக்கை ஊன்றுகோல் மாதிரி அழுத்திச் சாய்கிற பழக்கம் உடனே வரும். அதைத் தவிர்க்க மேல் கை ஒன்றாலேயே பிடித்து ஸ்கேட் செய்யுங்கள்.

அடுத்து பாஸ். பக் கெட்டி ரப்பர், சுமார் 160 கிராம், 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன். அதைக் கிரிக்கெட் பந்தைப் போல அடித்தால் குதித்துக்கொண்டு போகும். பிளேடின் பின்பகுதியில் வைத்து, முன்பகுதி வரை உருட்டிப் பெருக்குவது போலத் தள்ளி, கடைசியில் ஸ்டிக் முனை தாழ்வாக இலக்கைக் காட்டி நிற்க வேண்டும். வாங்குகிறவர் பிளேடைப் பக்மேல் லேசாகக் கவிழ்த்து, வரும் திசையிலேயே கொஞ்சம் பின்னுக்குக் கொடுக்க வேண்டும். விறைப்பாக வைத்தால் பட்டுத் தெறிக்கும்.

இருவர் இருவராக, நின்றபடி இருபது பாஸ், மெதுவாக நகர்ந்தபடி இருபது. நகரும்போது நண்பர் இருக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள், போகப்போகும் இடத்துக்கு அனுப்புங்கள். எங்களுக்கு இது பிடிபட இரண்டு வாரம் ஆனது.

ஷாட்டுக்கு ரிஸ்ட் ஷாட் ஒன்று போதும்: எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு வர, கீழ்க்கை தள்ள, மேல் கை இழுக்க. ஸ்டிக்கை ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட் இந்த ஆண்டு யாருக்கும் வேண்டாம். பின்னால் நிற்பவர் முகத்தில்தான் ஸ்டிக் போகும்.

7. முதல் ஆட்டம்

மூன்றுக்கு மூன்று, கோல்கீப்பர் இல்லாமல், ரிங்க்கின் குறுக்குவாட்டில் சின்ன இடத்தில் ஆடுங்கள். முழு நீளம் 200 அடி; அதில் புதியவர்கள் பாதி நேரம் பக்கைத் துரத்திக்கொண்டு மட்டுமே இருப்பார்கள். கோலுக்கு இரண்டு ஜோடி ஷூ வைத்தால் போதும்.

அணி பிரிக்க இங்குள்ள பிள்ளைகள் செய்வதையே செய்யுங்கள். எல்லா ஸ்டிக்கையும் நடுவில் குவித்து, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வீசுவார். உங்கள் ஸ்டிக் எந்தப் பக்கமோ அதுதான் உங்கள் அணி. யாரைக் கடைசியில் எடுப்பது என்ற மனவருத்தம் இல்லை.

விதிகளை ஆட்டத்துக்கு முன் உரக்கச் சொல்லுங்கள். பக் ஐஸை விட்டு எழும்பக் கூடாது. ஸ்டிக் இடுப்புக்கு மேல் போகக் கூடாது. உடம்பால் மோதக் கூடாது. ஒருவர் விழுந்தால் அவர் எழும் வரை பக் அவர் பக்கம் போகாது.

ஆஃப்சைடு, ஐசிங் இரண்டும் இப்போது தேவையில்லை, தெரிந்து மட்டும் வையுங்கள். எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டைப் பக் தாண்டுவதற்கு முன் நீங்கள் தாண்டினால் ஆஃப்சைடு. நடுச் சிவப்புக் கோட்டுக்கு உங்கள் பக்கத்திலிருந்து அடித்த பக், யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் ஐசிங்.

ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். தொழில்முறை வீரர்களே முக்கால் நிமிடத்தில் மாறுகிறார்கள். மாற்ற ஆள் இல்லையென்றால் இரண்டு நிமிடம் ஆடி, ஒரு நிமிடம் எல்லோரும் நில்லுங்கள்.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் சேருவதென்றால், இறங்குவதற்கு முன் கேளுங்கள், புதியவர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள், பாஸும் மெதுவாகத் தருவார்கள்.

குளத்தில் ஆடலாமா என்று ஒவ்வொரு குழுவும் கேட்கும். கனடிய செஞ்சிலுவைச் சங்கம் தனியாக ஸ்கேட் செய்ய 15 சென்டிமீட்டர் தடிமனும், கூட்டமாக ஆட 20 சென்டிமீட்டரும் வேண்டும் என்கிறது. தெளிந்த நீல ஐஸ்தான் உறுதியானது, சாம்பல் நிறமென்றால் ஐஸுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. துளையிட்டு அளந்து பார்க்கத் தெரிந்தவர் கூட இல்லையென்றால் ரிங்க்கிலேயே ஆடுங்கள்.

8. ஸ்கேட்ஸைக் கழற்றியதும்

பிளேடை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் துருப்பிடிக்கும். வெறும் பிளேடோடு சிமென்ட் தரையில் நான்கு அடி நடந்தாலே சாணை போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து ஒவ்வொன்றையும் விரித்துக் காயவையுங்கள். ஒரு நாள் பூட்டி வைத்தாலே வரும் நாற்றம் கழுவினாலும் லேசில் போகாது.

இன்னொன்று, பெஞ்சில் உட்கார்ந்து நாடா அவிழ்க்கும்போதே அடுத்த நாளையும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள். முகம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் எல்லோரும் வருகிறேன் என்பார்கள். காரில் ஏறி வீட்டுக்குப் போனபிறகு வாட்ஸ்அப்பில் கேட்டால் பாதிப் பேரிடமிருந்துதான் பதில் வரும்.